வேணுமா என்று கேட்டவன்

என் தங்கையின் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்த வருடத்தில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

நான் உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பட்டா மாறுதல், வாரிசு சான்று, சாதிச் சான்று என்று நாள் முழுக்க ஆட்கள் வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். சிலர் வந்த விஷயத்தைச் சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். "வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? என்ன வேணுமோ அத மனுவுல எழுதிக் குடுங்க" என்பேன். இந்த வாக்கியத்தை முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அது என் குணமாகவே ஆகிவிட்டது.

ஆபீசை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் வீடே அப்படித்தான். அப்பா யார் வீட்டுக்கும் சாப்பாட்டு வேளையில் போகமாட்டார். அடுத்த வீட்டில் சண்டை கேட்டால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். கூப்பிடாமல் போனால் இளக்காரம், கேட்காமல் செய்தால் அவர்களுக்கு அவமானம், இதுதான் அவர் சொல்லிக் கொடுத்த மரியாதை. பிறத்தியாரைச் சங்கடப்படுத்தாத மனுஷன் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. எனக்கும் அந்தப் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்தது.

தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். இருபது வயதில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்தோம். நெல் பயிரிடுகிற குடும்பம். மாப்பிள்ளை ஒரே பிள்ளை. அவர்கள் தெருவில் யாரும் வாசல் வழியாக வருவதில்லை, பின்கட்டு வழியாகத்தான் வருவார்கள். அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பார்கள். குழம்பு தீர்ந்துபோயிருந்தால் தங்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வைத்ததைச் சொல்லாமலே போய்விடுவார்கள். கல்யாணமான புதிதில் தங்கை இதைச் சொல்லி அழுதாள். பிறகு அழவில்லை. பிறகு அவளே அப்படி ஆகிவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்ததைவிட அதிக வருடம் அங்கே வாழ்ந்துவிட்டவள் என்பதை நான்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவள், என்னைப் போலத்தானே யோசிப்பாள் என்றிருந்தேன்.

விபத்துக்கு இரண்டு வருடம் முன்பு என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தோம். எப்படியோ தெரிந்துகொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று காலையிலேயே தங்கை ஒரு கட்டைப்பையுடன் வாசலில் நின்றாள்.

"உனக்கு யாரு சொன்னாங்க?" என்றேன்.

"யாரு சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனாள்.

பத்து நாள் இருந்தாள். என் மனைவியைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போனாள், தலை வாரிவிட்டாள், துணிகளை அலசினாள். சமையலறை டப்பாக்களை எல்லாம் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்தாள். அவள் கிளம்பிப் போனதும் நான் ஈசிச்சேரில் சாய்ந்து, "அப்பாடா" என்றேன். மனைவியும் சிரித்தாள். மிளகாய்த்தூள் டப்பாவைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

விபத்து மாசியில் நடந்தது. அறுப்பு முடிந்து, நெல்லை மண்டியில் போட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது மாடு ஒன்று குறுக்கே ஓடி, மாப்பிள்ளை தார் ரோட்டில் விழுந்தார். இடது தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயந்திரம் தங்கை போன் பண்ணினாள். குரல் நடுங்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணணுமாண்ணா. உள்ள ராடு வெப்பாங்களாம்."

"பயப்படாத. எதுனா வேணுமா?"

ஒரு கணம் சும்மா இருந்தாள். "வாணாண்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பார்க்கப் போனோம். ஆப்பிள், ரொட்டி, ஒரு பிளாஸ்க் வாங்கிக்கொண்டு போனோம். வார்டு வாசலில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. எழுதியிருப்பதைப் படிக்காமல் என்னால் ஒரு வாசலைக் கடக்க முடியாது, அது தொழில் பழக்கம். ஆண்கள் பிரிவு, மாலை ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு அனுமதி இல்லை, நோயாளியுடன் ஆண் துணை ஒருவர் மட்டும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்படியானால் ராத்திரியில் மாப்பிள்ளைகூட யார் இருக்கிறார்கள் என்கிற கேள்வி எனக்கு வரவில்லை. அவருக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பா இல்லை, அம்மாவுக்குக் கண் புரை, வீட்டில், கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த நாலு வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த இத்தனை விஷயங்களும் அந்தப் போர்டும் என் தலைக்குள் தனித்தனியாகக் கிடந்தன.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது, "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளு" என்றேன்.

"ஒண்ணும் வாணாண்ணா. நீங்க கிளம்புங்க, பஸ்ஸு போயிடும்."

போய்விட்டோம்.

அவர்கள் அங்கே இருந்தது இருபத்து நாலு நாள். ஒரு நாள் தவறாமல் சாயந்திரம் ஆபீஸ் முடிந்ததும் போன் செய்தேன். இதை நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். "எப்படி கீறாரு?" என்பேன். "கீறாருண்ணா" என்பாள். "எதுனா வேணுமா?" "வாணாண்ணா." போனை வைத்ததும் அன்றைய கடமை முடிந்த நிம்மதி வரும்.

மனைவி இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை, "ஒரு நாலு நாள் லீவு போட்டுட்டு போய் இருந்துட்டு வாங்களேன்" என்றாள். இரண்டாவது தடவை, "அவ சொல்ல மாட்டா" என்றாள்.

"அவளே வாணாங்கறா. நாம போய் நின்னா அவங்களுக்குத்தான் சங்கடம். என் தங்கச்சி ரோஷக்காரி, எங்க அப்பா வளர்ப்பு" என்று பதில் சொன்னேன். ஆபீசிலும் இதையே சொன்னேன். கட்டினவன் கால் உடைந்து கிடக்கிறான், ஒரு உதவி என்று வாயைத் திறக்கவில்லை பாருங்கள் என்று. அவள் என் விருப்பப்படி நடந்துகொள்வதாக நானே முடிவுசெய்து, அதற்காக அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். வாக்கர் பிடித்து நடந்தார், பிறகு குச்சி ஊன்றி நடந்தார். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் "வாங்க மச்சான்" என்று எப்போதும்போலச் சிரித்தார். தங்கை காபி கொடுத்தாள். எந்த முகத்திலும் எதுவும் இல்லை.

ஆவணியில் குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். அவர்கள் குலதெய்வம் கோயில் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். நானும் மனைவியும் சீர்த் தட்டு பதினொன்று எடுத்துப் போனோம். கம்மல், பட்டுப்பாவாடை, பழம், பூ, மஞ்சள் குங்குமம் எதிலும் குறை வைக்கவில்லை. முறை என்று ஒன்று எழுதிவைத்ததுபோல இருந்துவிட்டால் நான் அதில் பிசகமாட்டேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. என் சட்டையெல்லாம் சந்தனம்.

முடிந்ததும் கைகழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். என் வயதுக்காரர் ஒருவர் அங்கே பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பந்திக்கு இலை போட்டதும் மாப்பிள்ளையைச் சேர் போட்டு உட்காரவைத்ததும் அவர்தான். சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க எந்த ஊரு?" என்றேன்.

"ஐயங்கார்குளம் பக்கம் சார். லோடு வண்டி ஓட்றேன். என் தம்பி அந்த ஆஸ்பத்திரில இவருக்குப் பக்கத்து பெட்டுல இருந்தான். அங்க பயக்கம்." பாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இன்னா ஒறவு சார்? மடில வெச்சிக்கினு இருந்தீங்களே."

"தாய்மாமன். பொண்ணோட அம்மாவுக்கு அண்ணன்."

"கூடப் பொறந்த அண்ணனா?"

"ஆமா."

அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. வேண்டுமென்றே சொல்லவில்லை, மனதில் வந்தது வாயில் வந்துவிட்டது.

"அந்தம்மாவுக்கு அண்ணன் கீறாரா? யாருமே இல்லன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கே ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பட்டிருக்கவேண்டும். சமாதானம் செய்வதுபோல மேலே மேலே பேசினார். பேசப் பேச எனக்குத்தான் அதிகம் தெரிந்தது.

"ஆறு மணி ஆனா பொம்பளைங்கள வெளிய அனுப்பிடுவாங்க சார். அந்தம்மா வெளிய மரத்தாண்ட ஒரு பாய் போட்டுக்கினு படுத்துக்கும். இவரு பக்கத்துல ஆளே இல்ல. மொத ரெண்டு நாளு மனுசன் தண்ணியே குடிக்கல சார். ஏன்னு கேட்டேன். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், வந்தா யாரு புடிப்பாங்கன்னாரு. நான் கீறனேன்னு சொன்னேன். என் தம்பிக்கு புடிக்கறேன், இவருக்குப் புடிச்சா கை இன்னா தேஞ்சிடுமா? அப்பறம் இருவது நாளும் நான்தான். உனக்கு யாரும் இல்லியாம்மான்னு அதுகிட்ட ஒரு வாட்டி கேட்டேன். அது ஒண்ணும் சொல்லல."

அவர் குனிந்து குழாயை மூடினார். பாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். அந்த நேரத்தில் முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, கோபம். அதையும் எழுதத்தான் வேண்டும். தனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? என்னை ஒரு வெளியாள் முன்னால் இப்படி நிறுத்திவிட்டாளே? தினமும் போன் பண்ணினேனே? அந்தக் கோபத்தோடுதான் அவளைத் தேடிப் போனேன்.

அவள் கோயிலுக்குப் பக்கவாட்டில் மீந்த சோற்றைப் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னாரு. ராத்திரில மாப்ளகூட யாருமே இல்லியாமே."

கரண்டியை நிறுத்தாமல், "விடுண்ணா. அதான் ஆச்சே" என்றாள்.

"டெய்லியும் போன் பண்ணேன் இல்ல? டெய்லியும் கேட்டேன் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. என் முகத்தில் எதையோ தேடுவதுபோல் பார்த்தாள்.

"நீ போன் பண்ணண்ணா. நான் இல்லன்னு சொல்லல. ஆறு மணிக்கு என்ன வெளிய அனுப்புவாங்க. நீ சரியா அந்த நேரத்துக்குத்தான் பண்ணுவ. பாய எடுத்துக்கினு படி எறங்கிக்கினே பேசுவேன். இன்னிக்கு 'வரட்டுமா'ன்னு கேப்ப, கேட்டா 'வாண்ணா'ன்னு சொல்லிடலாம்னு இருப்பேன். நீ 'வேணுமா'ன்னு கேப்ப."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உனக்கு ஒண்ணா?"

நான் சட்டையில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன்.

"அண்ணிக்கு ஆபரேஷன் பண்ணப்போ நீ என்னக் கூப்ட்டியா? நான் வரல? வேணுமான்னு கேட்டுக்கினு வூட்லயே குந்தினு இருந்தேனா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எம்மேலயும் தப்புதான். வாயத் தொறந்திருக்கலாம். எனக்கு வரல. பொறந்த வூட்டுக்காரங்கள கேட்டு வரவைக்கிறது எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சு. நீயா வருவன்னு நெனச்சேன். நெனச்சி நெனச்சி நாளு போயிடிச்சு."

யாரோ கூப்பிட்டார்கள். பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லியிருக்கணும், இன்னும் கெட்டியா சொல்லியிருக்கணும்" என்றாள். தலைவாரிவிட்டவள், தன் துணி அலசியவள் மரத்தடியில் படுத்திருந்தாள் என்பது அவளையும் தைத்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. சீர்த் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். பதினொரு தட்டு.

அதற்குப் பிறகு நான் பலமுறை அந்த இருபத்து நாலு சாயந்திரங்களை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் 'வாணாண்ணா' சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். முதல் நாள் போனிலேயே இருந்தது. காதில் விழுந்ததுதான். நான் அவளுடைய வார்த்தையை மதிக்கிறேன் என்று நினைத்தேன். மதித்ததெல்லாம் எனக்கு வசதியாக இருந்த வார்த்தையை. கேட்டால் செய்வேன், கேட்காவிட்டால் தொந்தரவு செய்யமாட்டேன் என்பது நல்ல குணம்தான் என்று இன்றைக்கும் பாதி மனது சொல்கிறது. மீதி மனதுக்கு ஒரு மனுஷன் தாகத்தை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது தெரிகிறது. லீவு என்னிடம் நிறைய இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. பின்கட்டு வழியாகப் போகலாமா என்று நினைத்து, தைரியம் இல்லாமல் வாசல் வழியாகவே போனேன். தங்கை ஏன் வந்தாய் என்று கேட்கவும் இல்லை, வந்தது நல்லது என்று சொல்லவும் இல்லை. தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் அந்த ராடை எடுக்கவேண்டும் என்றார்கள். இந்தத் தடவை நான் போன் செய்யவில்லை. ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, லுங்கி, துண்டு, ஒரு போர்வையைப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். வார்டுக்குள் போனால் கட்டில் பக்கத்து ஸ்டூலில் லோடு வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரையும் யாரும் கூப்பிடவில்லையாம். எப்போது எடுப்பார்கள் என்று போன முறையே மாப்பிள்ளையிடம் கேட்டு மனதில் வைத்திருந்தாராம்.

"நீங்க வந்துட்டீங்க இல்ல, நான் கிளம்பறேன் சார்" என்று எழுந்தார். மாப்பிள்ளை முகம் மாறியது. "இருங்க, இருங்க, சாயந்திரமா போலாம்" என்றார்.

மத்தியானம் மாப்பிள்ளையை எழுப்பி உட்காரவைக்க வேண்டியிருந்தது. நான்தான் முந்திக்கொண்டு போனேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவர் பல்லைக் கடித்தார். "மச்சான், நீங்க வுடுங்க. அவரு வரட்டும்" என்றார் மெதுவாக. என்னைப் புண்படுத்தாத குரலில் சொன்னார். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டிக்காரர் வந்து என் கையைப் பிடித்து இடம் காட்டினார். "முட்டிக்குக் கீய ஒரு கை குடுங்க சார். இன்னொரு கை இடுப்பாண்ட. வலிக்குதுன்னு இவரு சொல்ல மாட்டாரு. மூஞ்சியப் பாத்துக்கினே தூக்கணும்."

அப்படித் தூக்கினேன். சரியாகத்தான் உட்கார்ந்தார். ஆனாலும் அந்த ஐந்து நாளில் ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையின் கண் முதலில் வாசலைத்தான் பார்த்தது, வண்டிக்காரர் வந்திருக்கிறாரா என்று. அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. வருத்தமாக இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று வண்டிக்காரரே தன் லோடு வண்டியைக் கொண்டுவந்தார். முன்சீட்டில் மாப்பிள்ளை காலை நீட்டிக்கொள்ள, அவர் பக்கத்தில் தங்கை ஒடுங்கி உட்கார்ந்தாள். "பின்னாடி ஏறிக்கிறீங்களா சார், கஷ்டமா இருக்குமா?" என்று வண்டிக்காரர் தயங்கினார். நான் ஏறிவிட்டேன். வாளி, பாய், மருந்துப் பை, துணி மூட்டை இவற்றுக்கு நடுவில் தகரத்தில் குந்திக்கொண்டேன். உச்சி வெயில், தகரம் சுட்டது. வண்டி கிளம்புமுன் தங்கை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பினாள்.

"கெட்டியா புடிச்சிக்கோண்ணா. ரோடு சரியில்ல" என்றாள்.